அப்பாவுடையது திறக்கிறது, என்னுடையது திறக்கவில்லை: பழைய டிஸ்க்கில் அனுமதிச் சிக்கல்

கடலூர் வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்ததால் அதைக் கழற்றி, யூஎஸ்பி உறையில் போட்டு, புதுக் கம்ப்யூட்டரில் செருகினேன். இரண்டிலும் லினக்ஸ் வகையான உபுண்டு இயங்குதளம்தான், பழையதில் அதன் 22.04 பதிப்பு. டிஸ்க் உடனே தெரிந்தது. ஆனால் அப்பாவின் ஹோம் ஃபோல்டர் (ஒவ்வொரு பயனருக்கும் தனியாக உள்ள ஃபோல்டர்) தாராளமாகத் திறக்கிறது, என் ஃபோல்டர் மேல் பூட்டுப் படம். அக்காவுடையதும் அப்படியே.

எனக்கு வேண்டியது அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு எடுத்த படங்கள்: எங்கள் தெரு, பண்ருட்டிப் பக்கம் வேரோடு சாய்ந்த பலா மரங்கள், முந்திரித் தோப்புகள். வேறு பிரதி கிடையாது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், ஃபைல்களின் விவரம் காட்டும் எல்எஸ் -எல் கொடுத்துப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. அப்பாவின் ஃபோல்டருக்கு உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். என் ஃபோல்டருக்கு எதிரே பெயரே இல்லை, வெறும் 1001. லினக்ஸ் டிஸ்க்கில் பெயரை எழுதி வைப்பதில்லை, எண்ணைத்தான் எழுதுகிறது. உபுண்டுவில் முதல் பயனர் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001 என்று எண் போகும். பழையதில் முதல் கணக்கு அப்பாவுடையது, பிறகு நான், பிறகு அக்கா. புதியதில் முதல் கணக்கு என்னுடையது. ஆகவே அப்பாவின் ஃபைல்களுக்கு இப்போது நான் சொந்தக்காரன். என் ஃபைல்களுக்கு நான் அந்நியன். எல்எஸ் -என் கொடுத்தால் பெயருக்குப் பதில் எண்களே தெரியும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

முழுக்கப் பூட்டிக் கிடந்ததற்கும் காரணம் உண்டு. உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டர் 750 என்ற அனுமதியோடுதான் உருவாகிறது. இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள் ஆகியோருக்கானவை, 0 என்றால் எந்த அனுமதியும் இல்லை. அதற்கு முன் 755, அதில் மற்றவர்கள் திறந்து படிக்கவாவது முடியும்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் சொல்வது, ‘777 போட்டு விடு’, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும். நான் போடவில்லை. எண் 1001 அப்படியே இருக்கும். நாளை அந்த எண்ணில் யார் கணக்கு வந்தாலும் ஃபைல்கள் அவருடையதாகிவிடும். படங்கள்கூட இயக்கக்கூடிய ஃபைல்களாகக் குறிக்கப்படும். வேறு கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்-சின் சாவி ஃபைல் எல்லோருக்கும் திறந்திருந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்கவே ஏற்காது.

அக்கா விஷயம் சுலபம். கணக்குத் திறக்கும் ஆட்யூசர் கட்டளையில் யூஐடி (பயனர் எண்) 1002 என்று நானே கொடுத்துக் கணக்குத் திறந்தேன். டிஸ்க்கில் எதையும் தொடாமலே அவள் ஃபோல்டர் அவளுடையதாகிவிட்டது. அப்பாவும் நானும்தான் இடம் மாற வேண்டும். நேராக 1001-ஐ 1000 ஆக்கினால் இருவர் ஃபைலும் கலந்துவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. அதனால் உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையை --ஃப்ரம் என்ற தேர்வோடு, சூடோவில் (நிர்வாகி அதிகாரத்தோடு) ஓட்டினேன்: முதலில் 1000-ஐ யாருக்கும் இல்லாத 5000-க்கு, அப்புறம் 1001-ஐ 1000-க்கு, கடைசியாக 5000-ஐ 1001-க்கு. குழு எண்ணையும் அதே வரிசையில் மாற்றினேன். --ஃப்ரம் கொடுத்தால் அந்த எண் உள்ள ஃபைல்களை மட்டுமே தொடும். ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமானவை அப்படியே இருக்கும். புதியதில் அப்பாவின் கணக்கை 1001-ல் திறந்தபின், ஃபைண்ட் கட்டளையில் -நோயூசர் போட்டுத் தேடினேன். ஆளில்லாத ஃபைல் எதுவும் மிஞ்சவில்லை.

சரி, முடிந்தது என்று புயல் படங்களுக்குப் போனால் அந்த ஃபோல்டர் மட்டும் முரண்டு பிடித்தது. உரிமையாளர் நான்தான். எல்எஸ் -எல் கொடுத்தால் ஃபைல் பெயர்கள் வருகின்றன. ஆனால் அளவு, தேதி இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். ஃபோல்டருக்கு ‘ஆர்’ இருந்து ‘எக்ஸ்’ இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்: பெயர்களைப் படிக்கலாம், உள்ளே நுழைய முடியாது. முன்பு எப்போதோ மொத்தமாக 644, அதாவது யாருக்கும் ‘எக்ஸ்’ இல்லாத அனுமதி, போடப்பட்டிருக்க வேண்டும். ஃபைலுக்கு அது பொருத்தம், ஃபோல்டருக்கு ஆகாது. அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையில் -ஆர் (இதுவும் பெரிய எழுத்து) போட்டு, யூ+ஆர்டபிள்யூஎக்ஸ் என்று, அதில் கடைசி எக்ஸ் மட்டும் பெரிய எழுத்தில் கொடுத்தேன். பெரிய எக்ஸ் ஃபோல்டர்களுக்கும் ஏற்கெனவே இயக்க அனுமதி உள்ள ஃபைல்களுக்கும் மட்டுமே பொருந்தும். படங்கள் படங்களாகவே இருக்கும். எல்லாம் திறந்தன. சாய்ந்த பலா மரத்தின் மேல் சித்தப்பா உட்கார்ந்திருக்கும் படம் உட்பட.

படங்களை மூவரும் பார்க்க, சேர்க்க ஒரு பொது ஃபோல்டர் வேண்டுமே. 750 காரணமாக ஹோமுக்குள் வைத்தால் பயனில்லை, அதற்கு வெளியே உள்ள எஸ்ஆர்வி ஃபோல்டருக்குள் வைத்தேன். மூவருக்கும் ‘வீடு’ என்ற குழு, ஃபோல்டருக்கு 2775 என்ற அனுமதி. முன்னால் உள்ள 2 இருந்தால் உள்ளே உருவாகும் ஃபைல் எல்லாம் அந்தக் குழுவுக்கே போகும். ஆனாலும் அப்பா சேமித்த ஃபைலை அக்காவால் திருத்த முடியாமல் போகலாம், புது ஃபைலின் அனுமதியில் எதை விலக்குவது என்று சொல்லும் யூமாஸ்க் 022 என்றால் குழுவுக்குப் படிக்கும் உரிமைதான். கூடுதல் அனுமதிகளை வைக்கும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் குழுவுக்கு எழுதும் உரிமையை டீஃபால்ட்டாக வைத்ததும் அது தீர்ந்தது. குழுவில் சேர்த்தபின் இருவரையும் ஒருமுறை லாக்அவுட் செய்து வரச் சொன்னேன். அதுவரை புதுக் குழு செல்லுபடியாகாது. அக்கா ஒரு படத்துக்குப் பெயர் மாற்றிப் பார்த்தாள், மாறியது. பெயர் மாற்றுவதைத் தீர்மானிப்பது ஃபோல்டரின் எழுதும் உரிமை, ஃபைலின் உரிமை அல்ல. அதனால் அப்பா எழுதிய ஒரு கணக்கு ஃபைலையும் திறந்து திருத்திச் சேமிக்கச் சொன்னேன். சேமித்தது.