மாமாவின் வீட்டு வரி ரசீது

தெருக்கூத்துக் கலைஞர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்று சொன்னேன். "கூத்து கட்டறவனுக்கெல்லாம் என் வரிப்பணம் எதுக்குடா மாப்ளே?" என்று மாமா கேட்டபோது, அவர் கையில் வீட்டு வரி ரசீது இருந்தது. வாங்கிப் பார்த்தேன். சொத்து வரிக்குக் கீழேயே நூலக வரி. 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் வழியில் வந்தது. இப்போது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. இத்தனை வருடமாக மாமா அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். தினமும் கிளை நூலகத்தில் ஓசியில் பேப்பரும் படிக்கிறார்.

சரி, சினிமா? 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரியை விட்டுக்கொடுத்தார்கள். அதுவும் அரசுக்கு வரவேண்டிய பணம்தான். அன்றைக்கு மாமா வாயே திறக்கவில்லை.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் வேஷம் கட்டும் பெரியவரை நினைத்துக்கொண்டேன். விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தை வழிப்பார். தோளில் கட்டிய புஜக்கட்டை அழுத்திய இடம் கன்றிப்போயிருக்கும். நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு அவர் அலைந்த அலைச்சல் தனிக்கதை. பொன்னாடைக்கும் மேடை விளக்குக்கும் கொட்டும் பணம் என்றால் நானும் மாமா கட்சிதான். "இது வேறு மாமா, அந்தப் பெரியவர் மாதிரி ஆட்களுக்கு" என்றேன்.

"அந்தத் துரியோதனனுக்கா?" என்றார் மாமா. அப்புறம் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.