எட்டாவது பீஸ்

"ஏழு பீஸ் வரைக்கும் நல்ல சரக்கு, எட்டு வந்துட்டா கெட்ட சரக்கு. அந்த ஒரு பீஸ்ல என்னங்க தம்பி மாறிப்போச்சு?"

எக்ஸ்போர்ட்டருக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் யூனிட்காரர் அவர். அந்தச் சரக்கின் தரத்தைச் சோதிக்கும் க்யூசி நான். அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவரைப் போலத்தான் கேட்டார். நான் சொன்னது இதுதான்: "டேபிள் அப்படித்தாங்ணா சொல்லுது."

6 வருடம் ஆகிவிட்டது. அந்தப் பதிலை மனசுக்குள் எத்தனையோ விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஆண்கள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 53 பெட்டி, 3,180 பீஸ். எத்தனை பீஸ் எடுத்துப் பார்ப்பது, எத்தனை குறை வரை விடலாம் என்று சொல்லும் அட்டவணைதான் டேபிள். அதன்படி 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள லாட்டுக்கு, அதாவது சோதனைக்கு வரும் மொத்தச் சரக்குக்கு, வழக்கமான சோதனை அளவான லெவல் 2-இல் 125 பீஸ் எடுக்க வேண்டும். பெரிய குறையான மேஜருக்கு ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 என்றால் 7 வரை பாஸ், 8 ஃபெயில். சின்னக் குறையான மைனருக்கு 4.0, அதில் 10 வரை விடலாம். திருப்பூரில் க்யூசி வேலை பார்க்கிற யாருக்கும் இது மனப்பாடம். இன்னொரு 21 பீஸ் கூடுதலாகத் தைத்திருந்தால் லாட் 3,201 ஆகியிருக்கும். அப்போது 200 பீஸ் எடுத்து, மேஜரில் 10 வரை விட்டிருப்பேன். அன்றைக்கு இதெல்லாம் எனக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை.

எட்டாவது பீஸில் இருந்தது கடுகளவு எண்ணெய்க் கறை. கீழ் மடிப்புக்குக் கொஞ்சம் மேலே, சைடு தையலின் மீதே இருந்தது. சரக்கை வாங்கும் பையரின் கையேட்டின்படி கறை முன்பக்கம் இருந்தால் மேஜர், பின்பக்கம் இருந்தால் மைனர். இது தையலைத் தாண்டி இரண்டு பக்கமும் பரவியிருந்தது. பீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மேசையில் விரித்துப் பார்த்தேன். முன்பக்கம் கொஞ்சம் அதிகம் என்று பட்டது. மேஜர் என்று எழுதினேன்.

"ஸ்பாட் கன்ல அடிச்சா ரெண்டு நிமிஷத்துல போயிருங்க தம்பி" என்றார். அது உண்மை. ஆனால் சாம்பிளில் கண்ட குறையைத் துடைத்துவிட்டுக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. துடைக்கப்படாத பீஸ்கள் மிச்சப் பெட்டிகளில் இருக்கும் என்பதற்குத்தானே அந்த ஒரு பீஸ் சாட்சி? இதில் நான் செய்தது சரி. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகமெல்லாம் வேறு இடத்தில். அதற்கு முந்தின வாரம், ஒரு பெரிய கம்பெனியில், ஏறக்குறைய இதே இடத்தில் இதே மாதிரி ஒரு கறை வந்தது. அதை மைனர் என்று எழுதினேன். அங்கே மேஜர் எண்ணிக்கை அப்போது 4-இல் நின்றது. எப்படி எழுதினாலும் லாட் பாஸ்தான் என்பதால் கை தாராளமாகப் போயிற்றா? ஏசி அறை, வரிசையாக நிற்கும், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள், எல்லாரும் காட்டிய மரியாதை, இவற்றால் போயிற்றா? தெரியவில்லை. ஒரே கறைக்கு இரண்டு பெயர் வைத்தேன் என்பது மட்டும் தெரியும். அட்டவணை எல்லாருக்கும் ஒன்றுதான். அதில் போடுகிற எண் என் கண்ணிலிருந்து வந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காகப் போட்ட சாம்பிள் கணக்குகளிலிருந்து வளர்ந்தது இந்த அட்டவணை. தோட்டா சுடுமா என்று ஒவ்வொன்றையும் சுட்டுப் பார்த்தால் கடைசியில் தோட்டாவே மிஞ்சாது. அதனால் சிலதைச் சோதித்து மிச்சத்தைப் பற்றி முடிவெடுக்க ஒரு வழி தேவைப்பட்டது. இன்றைக்கு அது ஐ.எஸ்.ஓ. 2859. நம் நாட்டில் ஐ.எஸ். 2500. இந்த வரலாற்றையும் அதற்குள் இருக்கும் கணக்கையும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நூற்றுக்கு 6 பீஸ் பழுதான லாட்கூட, 125 எடுத்தால், பாதிக்குப் பாதி பாஸ் ஆகிவிடும். நூற்றுக்கு இரண்டரை பழுதுள்ள லாட்டும் எப்போதாவது ஃபெயில் ஆகும். தொடர்ந்து வருகிற லாட்களுக்காகப் போட்ட கணக்கு இது. ஐந்து லாட்டுக்குள் இரண்டு ஃபெயில் ஆனால் சோதனையை இறுக்கு, தொடர்ந்து நன்றாக வந்தால் தளர்த்து என்று அதற்குள்ளேயே விதி இருக்கிறது. நான் பார்த்தவரை எங்கள் வேலையில் யாரும் அதைத் தொட்டதில்லை. ஒவ்வொரு லாட்டையும் தனித்தனிப் பரீட்சையாகத்தான் நடத்துகிறோம். அவருடைய முந்தைய நான்கு லாட்களும் என் கையால் பாஸ் ஆனவை. சரி, விதியை முழுசாகப் படித்திருந்தாலும் அந்த ஐந்தாவது லாட் ஃபெயில்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

மறு செக்கிங் மூன்று நாள் ஓடியது. தூத்துக்குடியில் பிடிக்க வேண்டிய கப்பல் போய்விட்டது. சரக்கு விமானத்தில் போனது, அந்தச் செலவில் ஒரு பங்கை எக்ஸ்போர்ட்டர் அவர் பில்லில் கழித்தார். பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று தைத்துக் கொடுக்கிறவருக்கு விமானக் கூலி என்பது எத்தனை மாத உழைப்பு! இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

மறு செக்கிங்கில் மொத்தம் 84 பீஸ் கழிந்தன என்றார்கள். 3,180-க்கு 84 என்றால் நூற்றுக்கு 2.6. அப்படிப்பட்ட லாட் 125 பீஸ் சோதனையில் நூற்றுக்கு 98 முறை பாஸ் ஆக வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமில்லை. எண்ணியது அவர்களுடைய செக்கிங் ஆட்கள்தானே, அவசரத்தில் கொஞ்சம் விட்டிருப்பார்கள் என்று ஒரு மனசு சொல்லும். இன்னொரு மனசு பெட்டிகளை நினைவுபடுத்தும். 53 பெட்டியில் 8 பெட்டி எடுத்தேன். குடோன் நெருக்கடியாக இருந்ததால் எட்டையும் முன்வரிசையிலிருந்தே எடுத்தேன், உள்ளே அடுக்கியிருந்ததை இழுக்கச் சொல்லவில்லை. எட்டுக் குறைகளில் ஐந்து, பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் இரண்டிலிருந்தே வந்தன. ஐந்தும் எண்ணெய்க் கறை. ஏதோ ஒரு பவர் தையல் மெஷின் ஒரு நாள் ஒழுகியிருக்கிறது, அந்த நாளின் பீஸ்கள் என் கைக்கு எட்டும் இடத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்வரிசையிலிருந்தும் கலந்து எடுத்திருந்தால் நாலோ ஐந்தோ வந்திருக்கலாம். பத்தும் வந்திருக்கலாம்.

ரிப்போர்ட்டில் பெட்டி எண்களை எழுதினேன். முன்வரிசையில் எடுத்தேன் என்று எழுதவில்லை. எழுதச் சொல்லி ஒரு கட்டமும் அந்தப் படிவத்தில் கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த அட்டவணை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. அப்போது எனக்கு 26 வயது. மேசையில் கவர் வைத்தவர்கள் உண்டு, மேலதிகாரிக்கு போன் போட்டு மிரட்டியவர்கள் உண்டு. "என் கையில் ஒன்றுமில்லை, டேபிள்தான்" என்ற ஒரு வாக்கியம்தான் என்னை நேராக நிற்க வைத்தது. அதே வாக்கியத்தைத்தான் அவரிடமும் சொன்னேன். ஆனால் அவர் கவர் வைக்கவில்லை, மிரட்டவுமில்லை. அவர் கேட்டது ஒரு கேள்வி. "ஒன்றும் மாறலீங்ணா, எங்கேயோ ஒரு கோடு போட்டாகணும், அது இங்கே விழுந்திருக்கு" என்றாவது சொல்லியிருக்கலாம். உள்பெட்டிகளையும் இழுக்கச் சொல்லுங்கள், முதலிலிருந்து 125 எடுக்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபெயில் ஆன பிறகு மறுபடி எடுப்பது பாஸ் ஆகும்வரை எடுப்பதாகிவிடும். அதுவும் தப்புத்தான். இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

போன வருஷம் அவர் யூனிட் பக்கம் போக வேண்டியிருந்தது. எக்ஸ்போர்ட் வேலையை விட்டுவிட்டு உள்நாட்டு சரக்கு தைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி" என்று உட்கார வைத்து டீ சொன்னார். நூல் விலை, ஆள் கிடைக்காத கஷ்டம் என்று பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். டீ குடித்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.