ரெஜிபோம் வெட்டுற கம்பியும் மூண்டு விதமா வந்த தடையும்

வாணி விழாவுக்கு ரியூசன் கொட்டிலுக்கு ரெஜிபோமில (தேர்மகோல் எண்டும் சொல்லுற பாரமில்லாத வெள்ளைப் பலகை) எழுத்து வெட்டித் தாறன் எண்டு ஒத்துக்கொண்டிட்டன். பிளேடால வெட்டினா ஓரமெல்லாம் மணி மணியா உதிருது, அதால சூட்டுக் கம்பியில வெட்டுற கட்டர் ஒண்டு செய்வம் எண்டு துவங்கினதுதான் இது. ரவுணில கொயில் குக்கருக்குப் போடுற 1000 வோற்ஸ் ஸ்பெயார் கொயில் ஒண்டு வாங்கி, ஒரு துண்டை நிமித்தி 30 சென்ரிமீற்றர் எடுத்து, பனஞ்சிலாகையில வில்லு மாதிரி ஒரு சட்டம் செய்து ரெண்டு பக்கமும் போல்ற் போட்டு இறுக்கினன்.

முதல் மல்ரிமீற்றரை தடை அளக்கிற ஓம் பக்கம் வைச்சுக் கம்பியைப் பாத்தன், 3.1 காட்டிச்சு. மோட்டச்சைக்கிள் பற்றறி 12 வோல்ற், 12ஐ 3.1ஆல பிரிச்சா நாலு அம்பியருக்குக் கிட்ட வரும், வலு 46 வோற்ஸ் அளவில எண்டு கொப்பியில எழுதி வைச்சிட்டு, பற்றறியைக் கம்பிக்குக் குடுத்தன். கம்பி செக்கச்செவேல் எண்டு வந்திட்டுது. ரெஜிபோம் கம்பியில படமுதலே உருகி விலகுது, விரல் போற அளவு இடைவெளி, நல்ல புகை. உந்தப் புகை கூடாது, அதில ஸ்ரைரீன் இருக்கு, வீட்டுக்குள்ள செய்யவே வேண்டாம், நான் முத்தத்திலதான் வைச்சுச் செய்தனான்.

மீற்றரில ஓடின கரண்ட் 4.20 அம்பியர். அதே மீற்றரை மாத்தி வைச்சுப் பாத்தா பற்றறி முனையில 12.3 வோல்ற். 12.3 ÷ 4.2 எண்டா 2.93 ஓம். அப்ப மீற்றர் சொன்ன 3.1 என்னத்துக்கு? கம்பி சூடாகினா தடை கொஞ்சமெண்டாலும் கூடவேணும், இஞ்ச குறைஞ்செல்லோ நிக்குது. அண்டிரவு இதே யோசினைதான்.

விடிய எழும்பி மீற்றரின்ர ரெண்டு முனையையும் ஒண்டோட ஒண்டு முட்டிப் பாத்தன். 0.5 ஓம். அதாவது மீற்றர் வயரின்ர தடையையும் சேத்துத்தான் அது எனக்குச் சொல்லியிருக்கு. கழிச்சா 2.6. ஆயிரம் ஓமில அரை ஓம் ஒரு பொருட்டில்லை, மூண்டு ஓமில அது பெரிய பிழை.

சரி 2.6 எண்டா 2.93 எங்கயிருந்து வந்தது? பக்கத்து வீட்டு அண்ணையிட்ட இன்னொரு மீற்றர் இரவல் வாங்கினன், ஏனெண்டா கரண்டையும் வோல்ற்றேஜையும் ஒரே நேரத்தில பாக்கவேணும், ஒண்டை வைச்சு மாத்தி மாத்திப் பாத்தா அம்பியர் மீற்றரைக் கழட்டின உடன ஓடுற கரண்டே மாறிப்போடும். இந்த முறை வோல்ற் முனைகளை பற்றறியில வைக்காம கம்பி இறுக்கின போல்ற்றுக்கு உள்பக்கமா கம்பியிலயே வைச்சன். 10.9 வோல்ற்தான்! 10.9 ÷ 4.2 எண்டா 2.6 ஓம், சரியா வந்து விழுந்தது. மிச்ச 1.4 வோல்ற் நான் போட்ட மெல்லிய பெல் வயரிலயும் மீற்றரிலயும் போயிருக்கு, 1.4 × 4.2 எண்டா கிட்டத்தட்ட 6 வோற்ஸ், தொட்டுப் பாத்தா வயர் இளஞ்சூடு. எனக்கு உண்மையிலேயே புல்லரிச்சுப்போச்சு, கணக்கில வந்த ஆறு வோற்ஸ் கையில சூடா நிக்குது.

தடையின்ர அலகுக்குப் பேர் குடுத்த ஓம் எண்ட மனுசனுக்கும் இதே மாதிரிச் சிக்கல் வந்தது. அந்தக் காலத்துப் பற்றறியின்ர வோல்ற்றேஜ் நிலையா நிக்காதபடியா அவர் வெப்பவிணைக்கு (ரெண்டு உலோகத்தைப் பொருத்தி ஒரு பொருத்தைச் சூடாக்கி மின் எடுக்கிறது) மாறித்தான் ஒழுங்கான அளவீடு எடுத்தவர், 1827இல புத்தகமா வெளியிட்டார். என்ர பற்றறியும் சும்மா நிக்கேக்க 12.7, கம்பியைக் குடுத்த உடன 12.3.

இனி சூட்டைக் குறைக்கவேணும். அப்பா ஒரு பழைய ஹெட்லைற் பல்ப்பைக் கம்பியோட வரிசையில, ஒரே கரண்ட் ரெண்டுக்குள்ளாலயும் போறமாதிரி, போட்டுப் பார் எண்டார். 90களில கரண்டும் இல்லை பற்றறியும் இல்லை எண்டு சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட ஆள் அவர், 6 வோல்ற் 3 வோற்ஸ் எண்டா அரை அம்பியர் எண்டு இப்பவும் வாயால சொல்லுவார். பல்ப் 12 வோல்ற் 35 வோற்ஸ். 12 × 12 ÷ 35 எண்டா 4.1 ஓம் வரவேணும், மீற்றரில பாத்தா முனையின்ர அரை ஓமைக் கழிச்சு 0.4தான். பல்ப் பழுதில்லை, தங்குதன் இழை குளிரேக்க அப்பிடித்தான், முழுசா எரியேக்க பத்து மடங்குக்கு ஏறும். கொயில் கம்பி நைக்குரோம் (நிக்கல், குரோமியம் கலவை), அதின்ர தடை சூட்டுக்குப் பெரிசா அசையாது.

பல்ப்புக்கு 0.4 போட்டு, கம்பியின்ர 2.6ஐயும் பெல் வயரும் மீற்றரும் சேந்த 0.33ஐயும் (1.4 ÷ 4.2) கூட்டி 12.3ஐப் பிரிச்சா 3.7 அம்பியர் வரும், 4.1 போட்டா 1.75. ஓடவிட்டுப் பாத்தன், 2.00 அம்பியர். பல்ப்பில 6.4 வோல்ற், அதாவது 3.2 ஓம், பாதி வெளிச்சத்தில எரியிறபடியா தடையும் இடையில நிக்குது. கம்பியில 5.2 வோல்ற், திரும்பவும் 2.6 ஓம், வலு 10.4 வோற்ஸ். பெல் வயரிலயும் மீற்றரிலயும் மிச்ச 0.7. கூட்டினா 12.3.

செய்து பாக்கிற ஆக்களுக்கு ரெண்டு விசயம். வீட்டு 230 வோல்ற்றில இதைத் தொடவே வேண்டாம். மற்றது, அம்பியர் பாத்து முடிச்ச கையோட சிவப்பு வயரை 10 அம்பியர் ஓட்டையிலயிருந்து கழட்டி வோல்ற் ஓட்டையில போடுங்கோ, மறந்துபோய் அப்பிடியே பற்றறியில வைச்சா அது நேர சோர்ட்.

பத்து வோற்ஸில கம்பி சிவக்கேல்லை, ஆனா ரெஜிபோம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுது. ‘ணி’யின்ர சுழி மட்டும் மெதுவா திருப்பவேணும், ஒரு இடத்தில நிண்டா ஓட்டையாகுது. பற்றறி 5 அம்பியர் மணி, ரெண்டு அம்பியர் எடுத்தா கணக்குக்கு ரெண்டரை மணித்தியாலம், அதுக்குள்ள முதல் வரி முடிக்கலாம். மிச்ச எழுத்து நாளைக்குச் சார்ஜ் ஏத்திப்போட்டு.