குமிழில் எவ்வளவு தண்ணீர்? ட்ரவுட் பிடிக்கப் பழகிய ஒரு கோடை

என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்பின்னிங் ராடு. ஏழடி நீளத் தூண்டில் கம்பு, லைட் வகை, 2000 அளவு ரீல், அதில் நான்கு பவுண்டு தாங்கும் நரம்பு, அதாவது தூண்டில் இழை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் கோடைக்காலத்து ட்ரவுட் மீன் பெரும்பாலும் பூச்சியைத்தான் தேடித் தின்னும். பூச்சி மாதிரி மயிரும் இறகும் வைத்துக் கட்டிய தூண்டில் முள்ளைத்தான் ஃப்ளை என்கிறார்கள். அதற்கு எடையே கிடையாது, ஸ்பின்னிங் ராடில் கட்டி வீசினால் காலடியிலேயே விழும். ஃப்ளை ராடில் நரம்பே கனமாக இருப்பதால் பூச்சி தூரம் போகிறது. நம்மிடம் அது இல்லை. அந்த எடையைக் கொடுக்கத்தான் காஸ்டிங் பபிள்.

கோழி முட்டையைவிடச் சிறிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குமிழ் அது. நடுவில் ஒரு குழாய், அதற்குள் மெல்லிய ரப்பர் குழாய். ஒரு முனையை இழுத்தால் இடைவெளி திறக்கும். ஏரித் தண்ணீரில் அமுக்கினால் குமிழ் கொப்பளித்துக்கொண்டு நிரம்பும். நரம்பை ரப்பர் குழாய் வழியாக விட்டு முனையைத் திருகினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நரம்பைப் பிடித்துக்கொள்ளும். திருகாமல் விட்டால் குமிழ் நரம்பில் வழுக்கும். குமிழுக்குக் கீழே ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்), அதிலிருந்து ஐந்தடி ஃப்ளூரோகார்பன் லீடர் (முள் கட்டும் தனி இழைத்துண்டு), கடைசியில் ஃப்ளை. அவ்வளவுதான் அமைப்பு.

ஜூலை முதல் வாரம்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 395-ம் நெடுஞ்சாலையில் வடக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, டாம்ஸ் பிளேஸில் திரும்பி, ராக் க்ரீக் சாலை முடியும் மஸ்கிட்டோ ஃப்ளாட் வரை போனோம். கார் நிற்கும் இடமே 10,200 அடி. அங்கிருந்து தொடங்குகிறது லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்கு. ஹார்ட் லேக், பாக்ஸ் லேக், லாங் லேக் என்று ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதையோரமே வருகின்றன. எதிரே பனி கலையாத பேர் க்ரீக் ஸ்பயர் சிகரம். மூச்சு வாங்குகிறது, ஆனால் நடை கடினமில்லை. கூட என் மகள், பதினொரு வயது. பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இங்கே மீன்பிடி உரிமம் தேவையில்லை, எனக்கு மட்டும் எடுத்திருந்தேன்.

ஹார்ட் லேக்கில் மூன்று மணி நேரம், ஒரு மீன் இல்லை. குமிழை முழுக்க நிரப்பி, இறுகத் திருகி, முடிந்த மட்டும் தூரம் வீசினேன். நல்ல தூரம் போனது. ஆனால் ஒவ்வொரு முறையும் கல்லெறிந்த மாதிரி ‘தொப்’. இழுத்துப் பார்த்தால் லீடர் குமிழைச் சுற்றிக்கொண்டு வந்தது, ஃப்ளை குமிழோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அப்புறம், ஊரில் தக்கை போட்ட பழக்கத்தில், குமிழ் அமிழ்கிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது தக்கை இல்லை, எடை. பார்க்க வேண்டியது அதற்கு ஐந்தடி பின்னால்.

வீட்டருகே பூங்காவில்

நான்கு சனிக்கிழமை காலைகள் புல்வெளியில் வீசிப் பழகினேன். முள்ளை நறுக்கிவிட்டு ஃப்ளை இருந்த இடத்தில் ஒரு சிவப்பு நூல்துண்டு. சமையலறைத் தராசில் குமிழை நிறுத்தேன்: காலியாக 6 கிராம், பாதித் தண்ணீரில் 12, முழுக்க நிரப்பினால் 18. என் ராடுக்கு 12-தான் சரி. 18 போட்டால் ராடு திணறுகிறது, வீச்சு கோணலாகப் போகிறது. பாதி நிரப்பினால் குமிழ் மிதக்கும், விழும் சத்தமும் குறைவு. முழுக்க நிரப்பினால் மெதுவாக முங்கும், அதற்கு வேறு பயன் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கோடையில் கற்றதில் எனக்கு மிகவும் உதவியது விரல் வேலை. குமிழ் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன், ரீலின் ஸ்பூலிலிருந்து (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) ஓடும் நரம்பை ஆள்காட்டி விரலால் லேசாகத் தடவி வேகத்தைக் குறைக்க வேண்டும். குமிழ் காற்றிலேயே தயங்கும். பின்னால் வரும் லீடர் அதைத் தாண்டி முன்னால் விரிந்து விழும். சிக்கலும் இல்லை, ‘தொப்’பும் பாதியாகிறது. சீக்கிரம் தடவினால் தூரம் போய்விடும், தாமதித்தால் பழைய சிக்கல்தான். மூன்றாவது சனிக்கிழமை சிவப்பு நூல் பத்துக்கு ஏழு தடவை குமிழுக்கு அப்பால் போய் விழுந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் மீன் பிடித்ததற்குச் சமம்.

ஜூலை கடைசி

இந்தத் தடவை லாங் லேக். 10,500 அடிக்கு மேலே, காரிலிருந்து சுமார் இரண்டு மைல். காலை ஆறரைக்குத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஆங்காங்கே மீன் மேலே வந்து பூச்சியைக் கவ்வும் வட்டங்கள். வட்டத்தின் மேலேயே போட்டால் மீன் ஓடிவிடும். அதைத் தாண்டிப் பத்துப் பதினைந்தடி அப்பால் போட்டு, மெல்ல இழுத்து அந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன். கட்டியிருந்தது 14-ம் நம்பர் எல்க் ஹேர் கேடிஸ், தண்ணீரில் மிதக்கும் ஒரு ஃப்ளை. ரீல் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்ற மூன்று நொடி. ஃப்ளைக்குப் பின்னால் ‘வி’ மாதிரி ஒரு மெல்லிய கோடு எழுந்தால் வேகம் சரி.

“அப்பா, பின்னாடி பாருங்க, ஏதோ வருது!”

ஒரு நிழல். ஃப்ளைக்குக் கீழே வந்தது, நின்றது, திரும்பியது. ஒரு நொடி சுற்றுவதை நிறுத்திவிட்டு மறுபடி மெல்லத் தொடங்கினேன். தண்ணீர் உடைந்தது. வெட்டி இழுத்தேன், லீடர் அறுந்துபோனது. தண்ணீர் நிரம்பிய குமிழ் நடுவில் பாரமாக நிற்கும்போது வெட்டி இழுத்தால் நான்கு பவுண்டு லீடர் தாங்காது. மீன் கவ்வினால் சுற்றிக்கொண்டே ராடை மேலே தூக்க வேண்டும், அது போதும். எட்டு மணிக்குள் அப்படியே ஒன்று வந்தது. ஒன்பது அங்குல ப்ரூக் ட்ரவுட். ஆலிவ் நிற முதுகில் புழு நெளிந்த மாதிரிக் கோடுகள், பக்கவாட்டில் நீல வளையத்துக்குள் சிவப்புப் பொட்டு, கீழ்த் துடுப்புகளின் முன்விளிம்பில் சுண்ணாம்பு தடவிய மாதிரி ஒரு வெள்ளைக்கோடு. கையை நனைத்துக்கொண்டு பிடித்தேன். வறண்ட கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். முள்ளின் எதிர்க்கூரை முன்கூட்டியே இடுக்கியால் நசுக்கியிருந்ததால் லேசாகக் கழன்றது. மகள்தான் தண்ணீரில் விட்டாள்.

பதினொரு மணிக்குக் காற்று ஏறியது. பலர் கிளம்பிவிட்டார்கள். எனக்கோ காற்றுதான் பிடித்திருந்தது. சிற்றலையில் குமிழ் விழுவது மீனுக்குத் தெரிவதில்லை. காற்று தள்ளும் கரையில் எறும்பும் வண்டும் போய்ச் சேரும், மீனும் அங்கேதான். கறுப்பு எறும்பு ஃப்ளை போட்டு மதியத்துக்குள் இன்னும் நான்கு. மேலே வட்டமே தெரியாத நேரத்தில் குமிழை முழுக்க நிரப்பி, திருகாமல் வழுக்கவிட்டு, ப்ரின்ஸ் நிம்ஃப் என்ற முங்கும் ஃப்ளையைக் கட்டினேன். விழுந்ததும் பத்து வரை எண்ணி, பிறகு சுற்றினேன். எடையே இழுபடாமல் மீன் நரம்பை உருவிக்கொண்டு போவது விரலிலேயே தெரிகிறது. இரண்டு கிடைத்தன.

செப்டம்பர்

ப்ரூக் ட்ரவுட் இலையுதிர்காலத்தில்தான் முட்டையிடும். ஆண் மீன்களின் வயிறு பழுத்த ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருந்தது. அவ்வளவு அழகு.

இந்த மீன் இங்கே வந்தேறி, கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்தது. உயரத்து ஏரிகள் பெரும்பாலானவற்றில் ஆதியில் மீனே இருந்ததில்லை. கோவேறு கழுதை முதுகிலும் பிற்காலத்தில் விமானத்திலும் கொண்டுவந்து விட்டார்கள். தலைப்பிரட்டைகளை இவை தின்று தீர்த்ததில் மஞ்சள்கால் தவளை பல ஏரிகளிலிருந்து மறைந்தது. 2014-ல் அதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தார்கள். சில ஏரிகளிலிருந்து மீனை அகற்றியபிறகு தவளை திரும்பியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின், விதி அனுமதிக்கும் அளவுக்குள் இரண்டு மூன்று ப்ரூக் ட்ரவுட்டை எடுத்துச் சமைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. நெருக்கமாகப் பெருகி எட்டு ஒன்பது அங்குலத்திலேயே நின்றுவிட்ட மீன்கள் இவை.

செதில் அவ்வளவு நுணுக்கம், சுரண்டவே வேண்டாம். குடலை எடுத்து, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவி, முகாமில் சின்ன கேஸ் அடுப்பில் இரும்புச் சட்டியில் பொரித்தேன். சதை இளஞ்சிவப்பு, முள் மொத்தமாக உருவி வருகிறது. மகள் வால்வரை தின்றாள்.

இந்தக் கோடையில் மொத்தம் பத்தொன்பது மீன். பதினான்கு பாதி நிரப்பிய குமிழில், ஐந்து முழுக்க நிரப்பியதில். காலிக் குமிழில் ஒன்றுமில்லை. லீடரை ஏழடியாக்கிப் பார்க்க வேண்டும். அமைதியான காலையில் குமிழுக்கும் ஃப்ளைக்கும் இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தால் அந்த நிழல் திரும்பிப் போயிருக்காது என்று தோன்றுகிறது. மகள் இப்போதே சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கூப்பிடுகிறாள்.