கள்ளிக்கு ராத்திரி ஷிஃப்ட்

மார்ச் 3
கரியமில வாயு கூடினால் பாலைவனச் செடிகள் என்ன செய்யும் என்று பார்க்க, பசுமைக் குடிலில் இரண்டு அறையும் தயார். ஒன்றில் வெளிக்காற்றில் இருக்கிற கரியமில வாயுதான், 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) சொச்சம். மற்றதில் 700. இரண்டிலும் சப்பாத்திக்கள்ளி, கிரியசோட் என்ற பாலைவனப் புதர், ஓரமாகச் சிவப்பு புரோம் புல். புல்லை வைத்தது மொஹாவே பாலைவனக் கதைக்காக. அந்தப் பாலைவனத்தில், அமெரிக்காவின் நெவாடாவில், 1997-லிருந்து திறந்தவெளியிலேயே வாயுவை 550 வரை ஏற்றிப் பார்த்தார்கள். 1998-ல் எல் நினோ மழை கொட்டியதும், கூடுதல் வாயு கிடைத்த இடத்தில் உள்ளூர்ச் சிறுசெடிகளை முந்திக்கொண்டு கொழுத்தது இந்த வந்தேறிப் புல். காய்ந்தால் காட்டுத்தீக்கு அதுவே விறகு.

மார்ச் 6
சாதாரண அறை 600-ஐத் தாண்டிவிட்டது. கசிவு என்று நினைத்துக் குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழி இல்லை. கசிந்தது நான்தான்! சென்சார் பக்கத்தில் குந்தி அரைமணி நேரம் மூச்சு விட்டிருக்கிறேன். வெளிவிடும் மூச்சில் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம்.

மார்ச் 19
விடியும் முன்பே கள்ளி மடலில் வட்ட வட்டமாகத் துண்டு எடுத்து, அரைத்து, காரம் (அமிலத்தை முறிக்கும் கரைசல்) மிஞ்சினால் ரோஸாக மாறும் ஃபினால்ஃப்தலீன் விட்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். வெளிறிய ரோஸ் நிறம் கலையாமல் நின்றால் கணக்கு முடிந்தது; எவ்வளவு காரம் செலவோ அவ்வளவு புளிப்பு. கள்ளி ராத்திரியில் இலைத்துளையைத் திறந்து வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும். பகலில் துளையை மூடிக்கொண்டு அதைச் சர்க்கரையாக்கும். அதனால் விடியலில் புளிப்பு, சாயங்காலம் சப்பென்றிருக்கும். 700 அறைக் கள்ளி இன்னும் புளித்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

மார்ச் 20
பிடித்துவிட்டேன். வாயுவைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டுப் பெட்டி தக்காளிக் குடிலுக்காகச் செய்தது. இருட்டியதும் வால்வை மூடிவிடுகிறது. தக்காளிக்கு அது சரி. கள்ளி சாப்பிட உட்காரும் நேரத்தில் நாங்கள் இலையை எடுத்திருக்கிறோம். பதினேழு நாள் வீண். இரவு வரைபடத்தை ஒருநாள்கூடத் திறந்து பார்க்காதது என் சோம்பல்.

ஏப்ரல் 9
வால்வு இப்போது ராத்திரியும் திறக்கிறது. 700 அறைக் கள்ளிக்குக் காரம் கூடுதலாகச் செலவானது. அப்பாடா. கிரியசோட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நட்டது நட்டபடி நிற்கிறது.

ஜூன் 12
தண்ணீரை நிறுத்தி இரண்டு மாதம். புல் விதையை உதிர்த்துவிட்டுச் சருகாகிவிட்டது. கள்ளி மடல் சுருங்கி, இரவிலும் துளையைத் திறப்பதில்லை. விடியல் புளிப்புக்கும் சாயங்காலப் புளிப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நேற்று சிலிண்டர் தீர்ந்து 700 அறை வெளிக்காற்று அளவுக்கே இறங்கியிருக்கிறது. எந்தத் தொட்டியும் காட்டிக்கொடுக்கவில்லை. நாளை பாதித் தொட்டிகளுக்குத் தண்ணீர்.