சமையற்கத்தி விற்கும் இடத்திலிருந்து

தென் லண்டனில் வீட்டுப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் சமையலறைப் பிரிவைக் கவனித்துக்கொள்வது என் வேலை. கத்திக்குத்துச் செய்திகள் ஊரை எவ்வளவு உலுக்கியிருக்கின்றன என்பது, பூட்டிய கத்தி அலமாரியின் முன் நிற்பவர்களின் பேச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

2024 ஜூலை 29 அன்று வடமேற்கு இங்கிலாந்தின் சௌத்போர்ட் நகரில் நடன வகுப்புக்குச் சென்ற மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டபின், இவற்றையெல்லாம் எதற்கு விற்கிறீர்கள் என்று முன்பின் அறியாதவர்கள்கூட என்னைக் கேட்டார்கள். கொலையாளி பதினேழு வயதிலேயே அமேசானில் கத்தி வாங்கியிருந்தான் என்று 2025 ஜனவரியில் வெளிவந்தபோது கோபம் இணைய விற்பனையின் பக்கம் திரும்பியது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்குக் கத்தி விற்பது குற்றம். அதனால் இருபத்தைந்துக்குக் கீழானவராகத் தோன்றும் எவரிடமும் வயதுச் சான்று கேட்பது கடைகளின் வழக்கம். ஆனால் கட்டுப்பாடு போதாது என்று கடிந்துகொள்பவரும், தம் மகன் கல்லூரி விடுதிக்கு எடுத்துச் செல்லும் பாத்திரத் தொகுப்புக்குள் ஒரு சிறு கத்தி இருப்பதற்காக அவனிடம் சான்று கேட்டால் என்னிடம் சீறுபவரும் பல வேளைகளில் ஒருவரேதான். தன் வீட்டுப் பிள்ளையைச் சந்தேகிக்காமல் அடுத்த வீட்டுப் பிள்ளையை மட்டும் நிறுத்தும் சட்டம் எதுவும் என் கல்லாவில் இல்லை.

வாங்கிய கத்தியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று அஞ்சிக் கேட்பவர்களும் உண்டு. மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தி தவிர வேறு எதையும் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருந்தால் நான்கு ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். தொழிலும் சீக்கியர் அணியும் கிர்பான் என்னும் குறுவாள் போன்ற சமயக் கடமையும் தக்க காரணங்களே. பெட்டியைப் பிரிக்காமல் நேரே வீட்டுக்குச் செல்லுங்கள் என்பதே நான் சொல்லும் அறிவுரை.

தடைகளுக்குக் குறைவில்லை. பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தி 1959இலும், திகில் படங்களில் வருவதுபோல் மிரட்டும் தோற்றத்தில் செய்யப்படும் ‘ஸோம்பி’ கத்தி 2016இலும் தடை செய்யப்பட்டன. அதைப் போன்ற தோற்றமுள்ள கத்திகளும் மாஷெட்டி எனும் நீண்ட வெட்டுக்கத்திகளும் 2024 செப்டம்பர் 24 முதலும், நின்ஜா வாள்கள் 2025 ஆகஸ்ட் 1 முதலும் பட்டியலில் சேர்ந்தன. தோட்டத்தில் புதர் வெட்டும் சாதாரணக் கத்தியையும் ஒப்படைக்க வேண்டுமோ என்று அப்போது முதியவர்கள் பதறினார்கள், தேவையில்லை. மிரட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஆயுதங்கள் ஒழிவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இத்தனை தடைகளுக்குப் பிறகும் எங்கள் அலமாரியிலிருந்து ஒரு பொருளும் இறங்கவில்லை என்பதையும், இந்நாட்டில் கத்தியால் நிகழும் கொலைகளில் மிகுதியாகக் கையாளப்படுவது சமையற்கத்தியே என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, மக்களின் நிம்மதி கத்தியின் தோற்றத்தைப் பொறுத்தே அமைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நீண்ட கூர்முனைச் சமையற்கத்தி தேவையா என்று மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவு மருத்துவர்கள் 2005இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கேட்டார்கள். அவர்கள் விசாரித்த சமையற்கலைஞர்களில் எவரும் அது இன்றியமையாதது என்று சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து நடிகர் இட்ரிஸ் எல்பா முனை மழுங்கிய கத்தியைப் பரிந்துரைத்தபோது, மீனை எதைக் கொண்டு கீறுவது என்று எங்கள் வாடிக்கையாளர்கள் நகைத்தார்கள். மீனுக்கு முனை வேண்டியதுதான். ஆனால் என்னிடம் கத்தி வாங்குவோரில் பெரும்பாலோர் வெங்காயமும் காரட்டும் நறுக்குபவர்கள். மாணவர்களுக்கான அந்தப் பாத்திரத் தொகுப்பில் முனை மழுங்கிய கத்தியை வைத்து விற்றால் குறை சொல்லப்போகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்?