உத்தரவு தேதியும் விடுதலை தேதியும்

ஜாமீனும் வறுமையும்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள் என்று எழுதித்தான் முதல் அத்தியாயத்தையே தொடங்கியிருந்தேன். போன வருஷம் பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) துறைமுகத்தில் கூடை தூக்கும் அவர் வீட்டுக்காரர், ஒரு அடிதடி வழக்கில் கேப்பர் மலை சிறையில் இருந்தார்.

"ஜாமீன் குடுத்துட்டாங்களாம். நாளைக்கு வந்துருவாரா பாப்பா?"

வந்துவிடுவார் என்றேன்.

உத்தரவில் இரண்டு ஜாமீன்தாரர், ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய். அந்தப் பணத்தைக் கையில் கட்ட வேண்டும் என்று அக்கா பயந்துவிட்டார். கட்ட வேண்டியதில்லை, ஆள் ஓடிப்போனால்தான் ஜாமீன்தாரர் தலையில் விழும். சரி, நானே ஜாமீன் நிற்கிறேன் என்று கோர்ட்டுக்குப் போனேன். குமாஸ்தா கேட்டது ஒரே கேள்வி: "வீட்டு வரி ரசீது உங்க பேர்ல இருக்கா?" வாடகை வீடு. பல்கலைக்கழக அடையாள அட்டையை நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அரியாங்குப்பத்தில் அக்காவின் கொழுந்தனாருக்குச் சொந்த வீடு உண்டு. ரசீதோடு வந்தார். பாண்டிச்சேரி ரசீது வேண்டாம், உள்ளூர் ஆளாகக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர்! 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாருக்கும் இதுதான் நடந்தது. அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஜாமீனை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஜாமீன்தாரர் இல்லாமல் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பை நான் வரி வரியாக அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

டீக்கடையில் ஒருவர், மூவாயிரம் கொடுத்தால் ஜாமீன் நிற்க ரசீதோடு ஆள் வரும் என்றார். அக்காவின் கை காதுத் தோட்டுக்குப் போனது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லவேளை, கொழுந்தனார் மறுத்துவிட்டார்.

அப்புறம்தான் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், உள்ளூர் ஜாமீன் கேட்காமல் இருக்கலாம் என்றெல்லாம் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-இல் சொன்னதை வைத்து, நிபந்தனையைத் தளர்த்த மனு போட்டார் அந்த வக்கீல். கொழுந்தனாரின் ஜாமீனையே ஏற்றார்கள்.

உத்தரவு வந்து பதினாறாம் நாள் இருட்டிய பிறகு அக்காவின் வீட்டுக்காரர் வெளியே வந்தார். இப்போது தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. துறைமுகத்தில் கூலி பிரிப்பதும் ஏறக்குறைய அந்த நேரம்தான்.

என் அட்டவணையில் அதுவரை உத்தரவு தேதியைத்தான் விடுதலை தேதி என்று போட்டிருந்தேன். எண்பத்து நாலு வழக்குகள். இப்போது ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.